திசுவில் 'எது' மட்டுமன்று, 'எங்கே' என்பதும் முக்கியம்

மரபணுப் பரிசோதனைகள் பெருகிவிட்ட இக்காலத்தில், பயாப்சித் திசுவைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பழைய முறை இன்னும் எதற்கு என்று நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. விடை ஒரே சொல்லில் அடங்கும்: இடம்.

இடம் சொல்லும் செய்தி

மார்பகத்தின் பால் நாளத்திற்குள் புற்றணுக்கள் அடங்கியிருக்கும் வரை அது ஊடுருவாத தொடக்கநிலை. அவை நாளத்தின் எல்லையைக் கடந்து சுற்றியுள்ள திசுவினுள் புகுந்துவிட்டால், அது ஊடுருவும் புற்றுநோய். தோற்றத்தில் அணுக்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கலாம். அவை நிற்கும் இடமே சிகிச்சையை மாற்றுகிறது. அறுவை சிகிச்சையில் அகற்றிய கட்டியின் வெளிவிளிம்பில் மை பூசி ஆராய்வதும் இதற்காகவே. மை பட்ட விளிம்பில் புற்றணுக்கள் காணப்பட்டால், மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் இது பொருந்தும். பெருங்குடல் புற்றுநோய் குறித்துப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2006இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கட்டியின் நடுவிலும் ஓரத்திலும் டி அணுக்கள் எவ்வளவு செறிந்துள்ளன என்பது நோயின் போக்கோடு நெருங்கிய தொடர்புடையது என அது காட்டியது.

மரபணுவும் இடமும்

வழக்கமான மரபணுப் பரிசோதனையில் திசுவைக் கரைத்து டி.என்.ஏ.வை அல்லது ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறோம். வயல் முழுவதையும் அறுத்துக் களத்தில் குவித்தபின், களை எவ்வளவு இருந்தது என்று சொல்லலாம். எந்த வரப்போரம் மண்டியிருந்தது என்று சொல்ல இயலாது. இதுவும் அத்தகையதே.

இக்குறையைப் போக்கும் முறையொன்றை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டனர். திசுவின் மெல்லிய சீவலை ஒரு சிறப்புத் தகட்டின் மேல் வைப்பார்கள். தகட்டில் வரிசையாக அமைந்த நுண்புள்ளிகள் ஒவ்வொன்றிலும், அப்புள்ளிக்கே உரிய முகவரியைத் தாங்கிய டி.என்.ஏ. இழைகள் இருக்கும். அணுக்களிலிருந்து வெளிப்படும் ஆர்.என்.ஏ. நேர்கீழே உள்ள புள்ளியில் ஒட்டிக்கொண்டு, அம்முகவரியுடன் படியெடுக்கப்படும். பின்னர் அனைத்தையும் ஒன்றாகப் படித்தாலும், எது எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

அம்முறையில் ஒரு புள்ளியின் விட்டம் 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு. அதனுள் பல அணுக்கள் அடங்கும். பின்வந்த முறைகள் தனி அணுவின் அளவுக்கு நுணுகியுள்ளன. இத்துறையை 2020ஆம் ஆண்டின் சிறந்த ஆய்வுமுறையாக 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழ் தேர்ந்தெடுத்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

இது இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கருவியே. இதற்காகக் காத்திருந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆனால் உங்கள் திசுவைப் பேணுவது உங்கள் கையிலும் உள்ளது. அது மெழுகில் பதிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் பாதுகாக்கப்படுகிறது. வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், அறிக்கையுடன் கண்ணாடித் தகடுகளையும், 'பிளாக்' எனப்படும் மெழுகுக் கட்டையையும் ஆய்வகத்தில் கேட்டுப் பெறுங்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்தில் வைத்துவிடாதீர்கள்; மெழுகு இளகக்கூடும். கட்டையின் எண்ணும் அறிக்கையின் எண்ணும் ஒன்றுதானா எனச் சரிபாருங்கள்.

பின்னாளில் மேலும் ஒரு பரிசோதனை தேவைப்படும்போது, மீண்டும் ஊசி குத்தாமல் விடை காண அந்தச் சிறு கட்டையே பெரும்பாலும் உதவும்.