கெளுத்தியில் ஆண் எது, பெண் எது?

களனி கங்கை கடலொடு கலக்கும் முகத்துவாரத்தார்க்குக் கெளுத்தி புதியதன்று. ஆயினும் அதனைக் கண்ணாடித் தொட்டியில் இணையாக வளர்க்க விழையும் மாணவர்க்கு, ஆண் பெண் அறிதல் இடர்ப்பாடாகவே உள்ளது. பருத்த வயிறே பெண்ணுக்கு அடையாளம் என்பர். வயிறார உண்ட ஆணும் பருத்தன்றோ தோன்றும்!

நம் நன்னீர்க் கெளுத்தியை வலையால் அள்ளற்க. செட்டை முள் சிக்கிக்கொள்ளும். கண்ணாடிக் குவளையில் நீரோடு முகந்து, கீழிருந்து நோக்குக. குதச்செட்டைக்குச் சற்று முன்னால் சிறு முனைபோல் நீண்ட சதை காணின் அஃது ஆண். பெண்ணுக்கு அது நீள்வதில்லை. குஞ்சுப் பருவத்தில் இவ்வேறுபாடு புலப்படாது. தென்னமெரிக்கக் கொரிடோராஸ் மீனையோ மேலிருந்து நோக்கல் வேண்டும். முதிர்ந்தவற்றுள் அகன்ற உடலுடையது பெண்.

கழிமுகத்துக் கடற்கெளுத்தியின் வாய் முட்டைகளால் நிறைந்திருப்பக் கண்டு தாயென்று எண்ணற்க. குஞ்சு பொரிக்குமளவும் அவற்றை வாயிலேந்தி, உணவின்றிக் கிடப்பது தந்தையே.