மீனின் நிறத்தை மாற்றும் இயக்குநீர்

நெகிரி செம்பிலானில் மலைகள் சூழ அமைந்தது கோலா கிளாவாங். அதனை அடுத்துள்ள தித்தி வட்டாரத்தில் முற்காலத்தில் ஈயம் தோண்டினர். ஈயச் சுரங்கங்கள் விட்டுச் சென்ற குட்டைகளில் தரை வெண்மணலாக இருக்கும். ரப்பர்த் தோட்டங்களின் ஊடே செல்லும் கால்வாய்களிலோ, உதிர்ந்த இலைகள் மக்கித் தரை கறுத்திருக்கும். திலாப்பியா மீன் வெண்மணலில் வாழ்ந்தால் வெளுத்தும், கருஞ்சேற்றில் வாழ்ந்தால் கறுத்தும் காணப்படும். ஆயினும் இரண்டும் ஓரினமே. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942-1945) ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்தது.

நிறம் மாறுவது எங்ஙனம்? மீனின் தோலில் விண்மீன் வடிவான உயிரணுக்கள் பல உள. அவற்றுள் மெலனின் என்னும் கருநிறமித் துகள்கள் நிறைந்துள்ளன. துகள்கள் அணுவின் கிளைகளெங்கும் பரவினால் தோல் கறுக்கும். நடுவில் ஒன்றுதிரண்டால் வெளுக்கும். அணு சுருங்குவதில்லை, உள்ளிருக்கும் துகள்களே இடம் பெயர்கின்றன.

தரையின் நிறத்தை அறிவிப்பது கண். கண் இழந்த தட்டைமீன் தரைக்கேற்ப நிறம் மாறாமையைப் பிரெஞ்சு அறிஞர் பூஷே 1870களிலேயே கண்டறிந்தார். மேலிருந்து வரும் ஒளி விழித்திரையின் கீழ்ப்பகுதியிலும், தரையில் பட்டு மீளும் ஒளி மேற்பகுதியிலும் விழுகின்றது. மூளை இவ்விரண்டையும் ஒப்பிடுகின்றது. ஆகையால், மங்கிய ஒளியிலும் வெண்தரை வெண்தரையாகவே உணரப்படுகின்றது.

மூளையின் கட்டளை தோலை அடைய இரு வழிகள் உள. ஒன்று நரம்பு, அது பல மீன்களில் சில நிமிடங்களிலேயே நிறத்தை மாற்றும். மற்றொன்று, சுரப்பிகளிலிருந்து குருதியில் கலக்கும் இயக்குநீர், அதாவது ஹார்மோன். தோட்டத்துப் பெரட்டு மணி எல்லார் காதிலும் விழும்; வேலைக்குரியவரே எழுந்து செல்வர். அதுபோல இயக்குநீர் உடலெங்கும் சென்றாலும், அதனை ஏற்கும் வாயில் உடைய அணுக்களே அதற்கு இணங்கும். இதன் வேலை மெதுவானது, ஆனால் நீடிப்பது.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியே இதற்கு நிலைக்களம். 1916இல் அமெரிக்க அறிஞர் ஸ்மித்தும் ஆலனும் தனித்தனியே தலைப்பிரட்டைகளிலிருந்து அச்சுரப்பியை அகற்றினர். அவை வெளுத்துப் போயின. அச்சுரப்பியினின்று ஊறும் மெலனின் தூண்டுநீர் துகள்களைப் பரப்பித் தோலைக் கறுக்கச் செய்வதே காரணம். இதற்கு எதிராக, துகள்களைத் திரட்டி வெளுக்கச் செய்யும் இயக்குநீரும் உண்டு. 1983இல் ஜப்பானிய அறிஞர் கவாவுச்சியும் உடனாய்வாளரும் சால்மன் மீனின் பிட்யூட்டரியிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். அது 17 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதத் துண்டு. மீன் வெண்தரையில் நெடுநாள் வாழின், துகள்கள் திரள்வதோடு நில்லாது, கருநிற அணுக்களின் எண்ணிக்கையும் குறையும், கருந்தரையில் பெருகும்.

இம்மாற்றம் வெறும் அழகுக்கன்று. 1934இல் அமெரிக்க அறிஞர் சம்னர், கொசுப்புழுத் தின்னும் காம்பூசியா மீன்களைக் கருந்தொட்டியிலும் வெண்தொட்டியிலும் வளர்த்து, பின் ஒரே தொட்டியில் கலந்து பெங்குவின் பறவைகளுக்கு இரையாக்கினார். வெண்தொட்டியில் கறுத்தவையும் கருந்தொட்டியில் வெளுத்தவையுமே மிகுதியாக உயிரிழந்தன. கோலா கிளாவாங் குட்டைக்கரையில் காத்திருக்கும் மீன்கொத்திக்கும் விராலுக்கும் தப்ப, சிறுமீனுக்கு இவ்வியக்குநீர் கேடயமாகும்.

இவை மனிதரிடத்தும் உள்ளன. வெயிலில் தோல் கறுப்பதில் மெலனின் தூண்டுநீருக்குப் பங்குண்டு. மீனை வெளுக்கச் செய்யும் நீரோ, மனித மூளையில் பசியோடும் உறக்கத்தோடும் தொடர்புடையது.

வகுப்பில் இதனைக் காட்டல் எளிது. வெள்ளைத் தொட்டி ஒன்றிலும் கறுப்புத் தொட்டி ஒன்றிலும், ஒரே குட்டையில் பிடித்த சிறு திலாப்பியாக்களை இட்டு, நாள்தோறும் மாணவர் குறித்து வரட்டும். சில நாளில் தொட்டிகளை மாற்றிப் பார்க்கலாம். முடிந்தபின் மீன்களைப் பிடித்த குட்டையிலேயே விட்டுவிட வேண்டும். "மீன் நினைத்து நிறம் மாறுகிறதா?" என்று மாணவர் வினவினால், அதற்கு அவ்வெண்ணமே இல்லை என்பதே விடை. கண் காண்கிறது, சுரப்பி சுரக்கிறது, தோல் இணங்குகிறது. உடலை இவ்வாறு இயக்குவதால் ஹார்மோனுக்கு 'இயக்குநீர்' என்னும் பெயர் பொருந்துவதையும் மாணவர் அப்போது தாமே உணர்வர்.