உங்களுக்குத் தெரியுமா? நியூட்ரானைத் துரத்தும் வகுப்பறை!

அணு உலைப் பொறியாளர்களுக்கென்று ஒரு பயிற்சி இருக்கிறது. மேஜையில் ஒரு கிராம் யுரேனியம்கூட இருக்காது. ஒரு கணினி, ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். ஆனால் உள்ளே லட்சக்கணக்கான நியூட்ரான்கள் பிறக்கும், மோதும், பிளக்கும், சாகும்! கதிர்வீச்சின் ஒவ்வொரு அடியையும் கணக்கிடும் அந்த மென்பொருள் உலகத்திலிருந்து அள்ளி வந்த அதிசயங்கள் இதோ. ஒன்றுகூட விடாமல் படியுங்கள்!

சீட்டாட்டத்தில் பிறந்த அறிவியல்!

1946. நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தார் கணித மேதை ஸ்டானிஸ்லாவ் உலாம். பொழுது போகாமல் தனியாகச் சீட்டு ஆடினார். 'இந்த ஆட்டத்தில் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு?' என்று யோசித்தார். இன்று அணு உலைகளைக் கணக்கிடும் முறை அங்கேதான் முளைத்தது!

அந்த முறையின் பெயர் மான்டே கார்லோ. சூதாட்டத்துக்குப் பேர்போன அதே ஊர்! உலாமுக்கு ஒரு மாமா. மான்டே கார்லோ போயே தீரவேண்டும் என்று சொந்தக்காரர்களிடம் கடன் வாங்குவாராம். அதைக் கேட்ட சக விஞ்ஞானி நிக்கோலஸ் மெட்ரோபோலிஸ் வைத்த பெயர் இது!

1947 மார்ச் 11. இன்னொரு கணித மேதை ஜான் வான் நாய்மன் ஒரு கடிதம் எழுதினார். 100 நியூட்ரான்கள், ஒவ்வொன்றுக்கும் 100 மோதல்கள். எனியாக் கணினிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டார். விடை, சுமார் 5 மணி நேரம்! இன்று பயிற்சிக்கு வருபவரின் லேப்டாப், டீ குடித்து வருவதற்குள் லட்சக்கணக்கில் முடித்துவிடுகிறது!

எனியாக் கணினியின் எடை சுமார் 30 டன்! உள்ளே ஏறக்குறைய 18,000 வால்வுகள்! 1948-ல் அதில் முதல் மான்டே கார்லோ கணக்கு ஓடியது. அதற்கு புரோகிராம் எழுதியவர்களில் முக்கியமானவர் ஒரு பெண். வான் நாய்மனின் மனைவி கிளாரா!

இயற்பியல் மேதை என்ரிக்கோ ஃபெர்மி இவர்களுக்கும் முன்னோடி! 1930-களில், ரோம் நகரில், தூக்கம் வராத இரவுகளில் இதே முறையில் நியூட்ரான்களைக் கையாலேயே கணக்கிட்டார். காலையில் விடையைச் சொல்லி நண்பர்களை வாய்பிளக்க வைப்பார்!

எனியாக் கிடைக்காத நேரத்தில் ஃபெர்மி என்ன செய்தார் தெரியுமா? பித்தளையில் ஒரு குட்டித் தள்ளுவண்டிக்குத் திட்டம் போட்டார்! உலையின் வரைபடத்தின் மேல் அதை உருட்டினால் நியூட்ரானின் பாதை கோடாக விழும். பெயர் ஃபெர்மியாக். சுமார் 2 ஆண்டுகள் உண்மையாகவே வேலை செய்தது!

முதல் நாளே திகில்!

இந்தத் துறையின் பெரிய அண்ணன் எம்.சி.என்.பி. மென்பொருள். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வகத்தின் படைப்பு. 1977-ல் இந்தப் பெயர் வந்தது. அப்போது நியூட்ரானும் ஃபோட்டானும் மட்டும். இப்போதைய ஆறாம் பதிப்பு பின்தொடரும் துகள் வகைகள் 37!

இன்புட் ஃபைலில் எழுதும் கட்டளைகளை இன்றும் 'கார்டு' என்றுதான் சொல்கிறார்கள். துளையிட்ட அட்டைகளின் காலத்துப் பழக்கம்! ஒரு வரிக்கு 80 எழுத்து என்ற எல்லையும் பல பத்தாண்டுகள் அப்படியே நின்றது. அண்மையில்தான் 128 ஆனது!

ஃபைலில் மூன்று பகுதிகள். நடுவில் இரண்டே இரண்டு வெற்று வரிகள். தெரியாமல் என்டர் கீயை ஒரு தடவை கூடுதலாகத் தட்டினீர்களா? போச்சு! உங்கள் உலையின் வடிவமே மென்பொருளுக்குப் புரியாமல் போகும்!

வரியின் தொடக்கத்தில் 5 இடம் காலியாக விட்டால் அது புது வரி இல்லை. முந்தைய வரியின் தொடர்ச்சி! ஸ்பேஸ் பார்கூட இங்கே ஒரு கட்டளை!

இந்த வரியைப் பாருங்கள்: 1 1 -7.87 -10. முதல் எண் இடத்தின் பெயர், அடுத்தது பொருளின் பெயர். பிறகு இரண்டு மைனஸ் குறிகள். முதல் மைனஸ், அடர்த்தி கிராமில் இருக்கிறது என்கிறது. இரண்டாவது மைனஸ், 10-ஆம் எண் பரப்புக்கு 'உள்ளே' என்கிறது. ஒரே குறி, ஒரே வரி, இரண்டு அர்த்தம்!

அந்த முதல் மைனஸை மறந்துவிட்டால்? மென்பொருள் அதை அணுக்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளும். உங்கள் இரும்பு, நிஜ இரும்பைவிட 90 மடங்குக்கும் மேல் அடர்த்தியாகிவிடும்! ஒரே ஒரு கோடு செய்யும் வேலை!

தண்ணீர் செய்வது எப்படி? 1001 2 8016 1. முடிந்தது, தண்ணீர் தயார்! 1001 என்பது ஹைட்ரஜன், அதில் இரண்டு. 8016 என்பது ஆக்சிஜன், அதில் ஒன்று!

யுரேனியம்-235-க்கு எண் 92235. முதல் இரண்டு இலக்கம் தனிமத்தின் அணு எண், மீதி மூன்றும் நிறை எண். பயிற்சிக்கு வந்தவர்கள் ஒரே வாரத்தில் தனிமங்களைப் பெயர் சொல்லி அழைப்பதையே விட்டுவிடுகிறார்கள்!

92233 என்று தட்டினால் யுரேனியம்-233. அந்த எரிபொருளில் இயங்கும் உலை உலகிலேயே ஒன்றுதான் என்று பெயர் பெற்றது, நம் கல்பாக்கத்து காமினி! 1996-ல் உயிர்பெற்றது. அதன் திறன் வெறும் 30 கிலோவாட்!

அறை வெப்பநிலையை 20 டிகிரி என்று எழுத முடியாது. மென்பொருளுக்கு எல்லாமே ஆற்றல் கணக்குதான். நீங்கள் எழுதவேண்டியது 0.0000000253!

நேரத்துக்கும் தனி அலகு. பெயர் ஷேக். ஒரு விநாடிக்குள் எத்தனை ஷேக் தெரியுமா? 10 கோடி!

சிவப்புக் கோடு தெரிந்தால் ஜாக்கிரதை!

வடிவத்தை எழுதி முடித்ததும் படமாகப் போட்டுப் பார்ப்பார்கள். எல்லாம் சரி என்றால் கறுப்புக் கோடுகள். எங்காவது ஒரு மூலை விட்டுப்போயிருந்தால், அல்லது இரண்டு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், அந்த இடம் சிவப்புப் புள்ளிக்கோடாக மாறும்! வகுப்பறையில் பெருமூச்சு கேட்பது அப்போதுதான்!

அந்த ஓட்டையில் விழுந்த நியூட்ரானுக்குத் 'தொலைந்த துகள்' என்று பெயர். 10 துகள் தொலைந்தால் மென்பொருள் கையைத் தூக்கிவிடும். கணக்கு அங்கேயே நின்றுவிடும்!

உலகத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் நீங்கள்தான் எழுதவேண்டும். அந்த வெளிப்பகுதியின் செல்லப்பெயர் 'கல்லறை'! அங்கே போன துகளின் கதை அதோடு சரி!

பழைய விடைகளை அழித்துவிடுவோமோ என்ற பயமே வேண்டாம். 'அவுட்-பி' என்ற பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால், புதிய விடை 'அவுட்-க்யூ' ஆகிவிடும். அடுத்தது 'அவுட்-ஆர்'. பயிற்சி முடிவதற்குள் ஆங்கில எழுத்து வரிசையே தீர்ந்துவிடும்!

ஒரு உருண்டை, ஒரு பரீட்சை!

பயிற்சியில் அடிக்கடி வரும் முதல் பாடம் கோடைவா. செறிவூட்டிய யுரேனியத்தால் ஆன வெறும் உருண்டை. 1950-களில் லாஸ் அலமாஸில் நிஜமாகவே இருந்தது! ஆரம் 8.741 சென்டிமீட்டர். எடை? 52 கிலோவுக்கும் மேல்!

இதைக் கணினியில் எழுத எத்தனை பரப்பு வேண்டும்? ஒன்றே ஒன்று! பத்துப் பதினைந்து வரிக்குள் ஓர் அணுத் தொடர்வினை!

விடை 1 என்று வரவேண்டும். அப்படி வந்தால் தொடர்வினை கூடாமல் குறையாமல் ஓடுகிறது என்று அர்த்தம். நிஜ கோடைவாவின் அளவுகோல் மதிப்பு 1.000. அதில் சந்தேகத்துக்கு இடம் வெறும் 0.001!

அந்த உருண்டை சாதுவானதல்ல! 1954-லும் 1957-லும் தன் எல்லையை மீறித் துள்ளியது. இரண்டாவது துள்ளலோடு அதன் ஆயுள் முடிந்தது. கணினிக்குள் இருக்கும் கோடைவாவை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மீற விடலாம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை!

யுரேனியம்-235 பிளக்கும்போது சராசரியாக 2.43 நியூட்ரான்கள் பிறக்கின்றன. பிறந்தவுடன் வேகம் விநாடிக்கு சுமார் 20,000 கிலோமீட்டர். ஒரே விநாடியில் சென்னையிலிருந்து டெல்லிக்குப் பத்து நடை!

அதன் வேகத்தை அடக்க, ஹைட்ரஜன் அணுக்களோடு சுமார் 18 மோதல் போதும். யுரேனியம்-238-ஓடு மட்டும் மோதினால்? 2,000-க்கும் மேல்!

நியூட்ரானை விழுங்கும் திறனை அளக்கும் அலகு பார்ன். கேடோலினியம்-157-க்கு அது 2,54,000 பார்ன். செனான்-135 அதையும் தூக்கிச் சாப்பிடும். 26 லட்சம் பார்ன்! உலையில் இருக்கும் கிராஃபைட்டின் கார்பன்? வெறும் 0.0035!

கொல்லு, பிள, எண்ணு!

தடித்த கான்கிரீட் சுவரைத் தாண்டி வரும் துகள் கோடியில் ஒன்றாக இருக்கலாம். அதற்காகக் காத்திருந்தால் நாள்கணக்கில் ஆகும். பயிற்சியில் ஒரு தந்திரம் சொல்லித் தருகிறார்கள். சுவரை அடுக்குகளாக வெட்டு. ஒவ்வோர் அடுக்கிலும் துகளை இரண்டாகப் பிள. 10 அடுக்கு தாண்டியதும் ஒன்று ஆகியிருக்கும் 1,024!

திரும்பிப் போகும் துகளுக்கு ரஷ்யன் ரூலட்! பாதி சாகும். பிழைத்ததன் மதிப்பு இரட்டிப்பாகும். ஆட்டம் கொடூரம், ஆனால் மொத்தக் கணக்கில் துளி பிசகாது!

எஃப்5 என்ற கணக்கெடுப்பு இன்னும் விசித்திரம். குறிப்பிட்ட புள்ளிக்கு ஒரு துகள்கூட வந்து சேரவேண்டாம். ஒவ்வொரு மோதலின்போதும் 'அங்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?' என்று கணக்கிட்டே விடை சொல்லிவிடும்!

விடை எப்போதும் ஒரே ஒரு துகளுக்குத்தான் வரும். நிஜ எண் வேண்டுமா? பெருக்கிக்கொள்ளுங்கள். 1 கியூரி கோபால்ட்-60 விநாடிக்கு வெளியிடும் காமா கதிர்கள் சுமார் 7,400 கோடி!

விடையை நம்பலாமா?

பிழையைப் பாதியாக்க எத்தனை மடங்கு துகள் வேண்டும்? இரண்டு இல்லை, நான்கு! பத்தில் ஒன்றாக்க? நூறு மடங்கு!

எல்லாமே தற்செயல் எண்கள்தான். ஆனால் அதே ஃபைலை இன்னொரு முறை ஓட்டுங்கள். கடைசி இலக்கம்வரை அதே விடை! தற்செயலும் இங்கே சொன்ன பேச்சு கேட்கும்!

அந்தத் தற்செயலுக்குப் பின்னால் நிற்கும் பெருக்கல் எண் 5-ஐ 19 தடவை பெருக்கினால் வருவது. எழுதிப் பாருங்கள்: 19073486328125! எண்களின் வரிசை மறுபடி முதலிலிருந்து வர, சுமார் 70 லட்சம் கோடி எண்கள் தீரவேண்டும்!

ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் மென்பொருளே 10 பரீட்சை வைக்கிறது. பத்திலும் 'பாஸ்' என்று வந்தால் வகுப்பில் கைதட்டல்தான்!

பிழை 10 சதவீதத்துக்கு மேல் போனால் பெரும்பாலான விடைகளை நம்பக்கூடாது. எஃப்5-க்கோ கண்டிப்பு இன்னும் அதிகம். 5 சதவீதம்தான்!

உலைக்குள் நியூட்ரான்கள் சரியாகப் பரவிவிட்டனவா என்று பார்க்க ஒரு சூத்திரம் இருக்கிறது. அதைத் தந்தவர் அணு விஞ்ஞானி அல்ல. செய்தித் தொடர்புக் கணிதத்துக்காக 1948-ல் கிளாட் ஷானன் எழுதிய சூத்திரம் அது! தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அணு உலைக்கும் காவல்காரர்!

சென்னை மாணவர் போட்ட பாதை!

சூதாட்டம் வேண்டாம், நேர்வழிக் கணக்கு போதும் என்பவர்களுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. துகள் போகும் திசைகளைக் குறிப்பிட்ட சில கோணங்களாகப் பிரித்துக் கணக்கிடும் முறை. அதை நட்சத்திர ஒளிக்காக வளர்த்தெடுத்தவர் யார் தெரியுமா? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர்!

கதிர்வீச்சுப் பரவலைப் பற்றிய அவருடைய நூல் 1950-ல் வெளியானது. அடுத்த சில ஆண்டுகளில் லாஸ் அலமாஸில் பெங்க்ட் கார்ல்சன் அதே வழியில் நியூட்ரான்களுக்கு முறை வகுத்தார். நட்சத்திரத்துக்குப் போட்ட கணக்கு, அணு உலைக்கு வந்தது! சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983-ல்!

உலகம் முழுக்க வகுப்பறை!

பின்லாந்தில் செர்பென்ட். ஜப்பானில் ஃபிட்ஸ். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் ஃப்ளூகா. பிரான்சில் ட்ரிபோலி. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு செல்லப்பிள்ளை!

கட்டுப்பாடுகள் கடுமை! எம்.சி.என்.பி.யை நண்பரிடம் பென் டிரைவில் வாங்கிக்கொள்ள முடியாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் மையத்தில் ஒவ்வொருவரும் தன் பெயரில் தனி உரிமம் பெறவேண்டும். அந்த மையம் தொடங்கியது 1962-ல்!

அதற்கு நேர்மாறு ஓப்பன்-எம்.சி. எம்.ஐ.டி.யில் 2011-ல் பிறந்தது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், மூல நிரலோடு சேர்த்து! ஆர்வமுள்ள கல்லூரி மாணவருக்கு இதைவிட நல்ல வாசல் எது!

மனித உடலும் கணினிக்குள் இருக்கிறது! சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் வெளியிட்ட மாதிரி ஆணின் உயரம் 1.76 மீட்டர், எடை 73 கிலோ. உடம்பு முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள், கிட்டத்தட்ட 20 லட்சம்! பெண்ணுக்கு இன்னும் நுணுக்கம். 39 லட்சம்!

இத்தனைக்கும் பிறகு, கணினி சொன்னதை அப்படியே நம்பலாமா? கூடாது என்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி! யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் வைத்து உலகெங்கும் நிஜமாகச் செய்து பார்த்த அமைப்புகள் ஒரே தொகுப்பில் காத்திருக்கின்றன. உங்கள் விடையை அவற்றோடு மோதவிட்டுப் பார்க்கவேண்டும். அந்தத் தொகுப்பில் இருக்கும் அமைப்புகள் எத்தனை என்கிறீர்கள்? 5,000-க்கும் மேல்!