கொக்கைப் படம் பிடிக்க எந்தக் கேமரா?

குட்டீஸ், கரும்பு வெட்டு நடக்கிற வயலுக்குப் போயிருக்கிறீர்களா? பெரம்பலூர் மாவட்டம் எறையூர்ப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் ஊரில்தான் சர்க்கரை ஆலையே இருக்கிறது! கரும்பு வெட்டி முடித்த வயலை உழ ஆரம்பித்தால் போதும். எங்கிருந்துதான் வருமோ, வெள்ளை வெளேரென்று கொக்குகள் வந்து டிராக்டருக்குப் பின்னாலேயே நடக்கும். மண்ணிலிருந்து வெளியே வரும் புழு, பூச்சிக்காகத்தான் இந்த ஊர்வலம். மேலே மின்கம்பியில் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருக்கும். அதுதான், நம்ம இரட்டைவால் குருவி! அதுவும் பூச்சிக்குத்தான் காத்திருக்கிறது.

அந்தக் கொக்கையும் கரிச்சானையும் படம் பிடிக்க ஓர் அண்ணனுக்கு ஆசை என்று வைத்துக்கொள்வோம். அதே ஊரில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஸ்டூடியோ மாமா ஒருவரும் இருக்கிறார். இரண்டு பேரும் டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்க ஒரே கடைக்குப் போகிறார்கள். ஒரே கேமராவை வாங்கிக்கொண்டு வருவார்களா?

மாட்டார்கள். ஏன் என்று பார்ப்போமா?

முதலில், டி.எஸ்.எல்.ஆர். என்றால் என்ன? அதன் வயிற்றுக்குள் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் அதில் பட்டு மேலே போகிறது. அங்கே இருக்கும் பட்டைக் கண்ணாடி அதைத் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. லென்ஸ் எதைப் பார்க்கிறதோ, அதையேதான் நாமும் பார்க்கிறோம். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி 'டபக்' என்று மேலே எழும்பும். ஷட்டர் திறக்கும். வெளிச்சம் பின்னால் இருக்கும் சென்சார் மேல் விழும். ஷட்டர் மூடியதும் கண்ணாடி மறுபடி கீழே வந்துவிடும். 'கிளிக்' என்று கேட்கிறதே, அதில் பெரும்பங்கு இந்தக் கண்ணாடியின் சத்தம்தான். இந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

உலகின் முதல் டிஜிட்டல் கேமராவை 1975-ல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் செய்தார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது. படத்தில் மொத்தம் 10,000 புள்ளிகள்தான்! பிறகு 1991-ல் அதே நிறுவனம் நிக்கான் எஃப்3 என்ற ஃபிலிம் கேமராவுக்குள் 13 லட்சம் புள்ளிகள் கொண்ட சென்சாரைப் பொருத்தி விற்றது. படங்களைச் சேமிக்கும் பெட்டியைத் தனியாகத் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். 2003-ல் கேனன் 300டி வந்தது. 63 லட்சம் புள்ளிகள், விலை ஆயிரம் டாலருக்குள். பிறகுதான் சாதாரண ஆட்களும் டி.எஸ்.எல்.ஆர். வாங்க ஆரம்பித்தார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை மெகாபிக்சல்?" பத்து லட்சம் புள்ளிகள் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். நிறைய இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆல்பத்தில் ஒட்டுகிற 6 அங்குலம் - 4 அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சடிக்க, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். 1800-ஐ 1200-ஆல் பெருக்கினால் 21,60,000. அதாவது இரண்டேகால் மெகாபிக்சல்கூட இல்லை! 12 அங்குலம் - 8 அங்குலம் என்றால் 86,40,000. ஒன்பது மெகாபிக்சலுக்குள் முடிந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கை. 6 மெகாபிக்சல் கேமராவிலிருந்து 24-க்குத் தாவினால் படம் நாலு மடங்கு பெரிதாகும் என்று நினைப்பீர்கள். அகலம் இரண்டு மடங்கு, உயரம் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து மட்டும் கேமரா வாங்குவது, அட்டையைப் பார்த்து நோட்டு வாங்குவது மாதிரி.

ஸ்டூடியோ மாமா கவலைப்படுவது வேறு. முகூர்த்தம் விடியற்காலையில். மண்டபத்தில் வெளிச்சம் போதாது. அவர் சென்சாரின் அளவைக் கேட்பார். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். பழைய ஃபிலிம் துண்டின் அதே அளவு. சிறிய வகை சென்சார் சுமார் 24-க்கு 16. பரப்பில் பாதிகூட வராது. மழையில் அண்டாவையும் சொம்பையும் வைத்தால் எதில் நிறையத் தண்ணீர் சேரும்? வெளிச்சமும் அப்படித்தான். அண்டா சென்சாரில் இருட்டிலும் படம் பொரிபொரியாகத் தெரியாமல் சுத்தமாக வரும்.

அவர் கேட்கும் அடுத்த கேள்வி, "மெமரி கார்டு இரண்டு போட இடம் இருக்கா?" 2010-ல் வந்த நிக்கான் டி7000 போன்ற கேமராக்களில் ஒரே படம் இரண்டு கார்டிலும் பதியும். ஒன்று கெட்டாலும் இன்னொன்று இருக்கும். கார்டு கெட்டுப்போச்சு, தாலியை இன்னொரு தடவை கட்டுங்க என்று மாப்பிள்ளையிடம் சொல்ல முடியுமா?

இனி நம் அண்ணனிடம் வருவோம். கரிச்சான் கம்பியிலிருந்து பாய்கிறது. ஒரு பறவை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால், ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும். ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்தால் அதற்குள் பறவை ஒரு சாண் நகர்ந்திருக்கும். படத்தில் ஒரு கறுப்பு இழுப்பு மட்டும் தெரியும். 1/2000 விநாடி என்றால் ஏழு மில்லிமீட்டர்தான். அப்போது இறகு இறகாகப் பார்க்கலாம்.

ஆனால் சும்மா கிடைக்குமா? 1/125-லிருந்து 1/2000-க்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ. என்ற எண்ணை 100-லிருந்து 1600-க்கு ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற பொரி வரும். எந்த கேமராவில் 1600-லும் பொரி குறைவு என்று அண்ணன் பார்ப்பார்.

விநாடிக்கு எத்தனை படம் என்பதும் அவருக்கு முக்கியம். 2008-ல் வந்த நிக்கான் டி90 விநாடிக்கு நாலரைப் படம் எடுக்கும். குறி வைத்துப் பிடிக்கும் புள்ளிகள் அதில் 11. 2016-ல் வந்த டி500-ல் விநாடிக்கு 10 படம், 153 குறிப் புள்ளிகள்! கரிச்சான் வாயைத் திறந்து பூச்சியைக் கவ்வும் அந்த ஒரு கணம், நாலு படத்துக்கு நடுவில் நழுவலாம். பத்தில் மாட்டும் வாய்ப்பு அதிகம். கல்யாண மாமாவுக்கு இது அவ்வளவு பெரிய விஷயமில்லை. மணமக்கள் அந்த வேகத்தில் பறக்க மாட்டார்கள்.

கொக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் மண் கறுப்பு. கொக்கோ வெள்ளை. கேமராவுக்குக் கொக்கும் தெரியாது, மண்ணும் தெரியாது. 'ஐயோ, இடமெல்லாம் இருட்டா இருக்கே' என்று நினைத்து அதுவாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மண் சாம்பல் நிறமாகும். கொக்கு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, இறகே இல்லாமல் வெளிறிப்போகும். நல்ல கேமராவில் 'கூட்டு - குறை' பொத்தான் விரலுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். ஒரு பக்கம் குறைத்தால் இறகு திரும்பி வரும். பத்துப் பக்க மெனுவுக்குள் அது ஒளிந்திருந்தால், தேடி எடுப்பதற்குள் கொக்கு அடுத்த வயலுக்குப் போயிருக்கும்.

பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலைகளும் இருக்கின்றன. அங்கே படம் எடுப்பவர்களுக்குத் தூசிதான் பெரிய எதிரி. லென்ஸை மாற்றும்போது ஒரு துகள் உள்ளே போய் சென்சாரில் ஒட்டினால், எடுக்கிற எல்லாப் படத்திலும் வானத்தில் ஒரு கரும்புள்ளி! 2003-ல் ஒலிம்பஸ் இ-1 கேமராதான் சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியை அதிரவைத்துத் தூசியை உதறும் வசதியைக் கொண்டுவந்தது. நாய்க்குட்டி குளித்துவிட்டு உடம்பை உதறுமே, அப்படி. பிறகு மற்ற நிறுவனங்களும் இந்த வசதியைச் சேர்த்தன.

வாத்து எவ்வளவு தூரம்?

அந்த அரியலூர் மாவட்டத்தில்தான் கரைவெட்டி ஏரி இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வருகிறது. 1999-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலத்தில் வரும் விருந்தாளிகளில் பேர் போனது வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்டிருக்கும். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிற பறவை இது. ஏழாயிரம் மீட்டருக்கும் மேலே பறந்ததை விஞ்ஞானிகள் கருவி கட்டி அளந்திருக்கிறார்கள்.

நம் அண்ணன் கரையில் நிற்கிறார். வாத்து 100 மீட்டர் தூரத்தில் மேய்கிறது. அதன் நீளம் முக்கால் மீட்டர். சிறிய சென்சார் கேமராவோடு வழக்கமாகத் தரும் 55 மில்லிமீட்டர் லென்ஸ் வழியாகப் பார்த்தால், படத்தின் அகலத்தில் 43 மீட்டர் இடம் அடங்கும். அதில் வாத்து ஒரு எள்ளு! அதே கேமராவில் 300 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் 8 மீட்டர் அடங்கும். 600 மில்லிமீட்டர் என்றால் 4 மீட்டர்தான். வாத்து படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் அதே 600 லென்ஸ் 6 மீட்டரைக் காட்டும். அதாவது, கல்யாணத்தில் ஜெயித்த அண்டா, ஏரிக்கரையில் சொம்பிடம் தோற்றுவிட்டது!

ஆனால் பெரிய 600 மில்லிமீட்டர் லென்ஸின் எடை மூன்று முதல் ஐந்து கிலோ. விலையோ பல லட்சம். இப்போது அண்ணன் மனதில் ஒரு யோசனை வரும். '300 லென்ஸையே வெச்சுக்கிட்டு 50 மீட்டர் கிட்டப் போனா என்ன? 600 லென்ஸ்ல பார்க்கிற மாதிரியே தெரியுமே!' கணக்கு சரிதான். நடப்பதற்குப் பத்துப் பைசா செலவில்லை.

செலவு வாத்துக்கு. ஆள் நெருங்கினால் முதலில் மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கும். இன்னும் நெருங்கினால் கூட்டமே எழும்பிப் பறக்கும். கோடைக்குள் மறுபடி இமயமலையைத் தாண்ட வேண்டிய பறவை அது. இங்கே தின்று சேர்க்கிற கொழுப்புதான் அதன் பெட்ரோல். ஒரு நாளில் பத்துப் பேர் பத்து முறை எழுப்பிவிட்டால், தின்கிற நேரமும் போச்சு, தின்றதும் போச்சு. கூட்டில் முட்டை வைத்திருக்கிற பறவை என்றால் இன்னும் மோசம். தாய் எழுந்து போன நேரத்தில் முட்டை வெயிலில் காயும். காக்கையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். என்னைக் கேட்டால், கிட்டப் போய் எடுத்த அழகான படத்தைவிட, தள்ளி நின்று எடுத்த சுமாரான படத்துக்குத்தான் மதிப்பெண் போடுவேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது. டாம்ரான், சிக்மா நிறுவனங்கள் 2014 வாக்கில் 150-லிருந்து 600 மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸ்களைக் கொண்டுவந்தன. பெரிய லென்ஸ் அளவுக்கு வெளிச்சம் வாங்காது. விலையோ அதன் சிறு பங்குதான். பழைய கேமரா, நீள லென்ஸ் என்று பல பறவைப் படக்காரர்கள் கணக்குப் போடுவது இதனால்தான்.

அந்த 'டபக்' சத்தத்துக்கு இப்போது வருவோம். அமைதியான ஏரிக்கரையில் மறைவிடத்தில் ஒளிந்திருந்தாலும், கண்ணாடி எழும்பும் சத்தம் பக்கத்துப் பறவைக்குக் கேட்டுவிடும். சில டி.எஸ்.எல்.ஆர்.களில் சத்தத்தைக் குறைக்கும் வசதி உண்டு. ஆனால் கண்ணாடி அசையத்தானே வேண்டும்? கண்ணாடியே இல்லாமல், சென்சார் பார்ப்பதைச் சின்னத் திரையில் காட்டும் கேமரா 2008-ல் பானசோனிக்கிலிருந்து வந்தது. அந்த வகைக் கேமராக்களில் பல இன்று சத்தமே இல்லாமல் படம் எடுக்கின்றன. கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டன. பென்டாக்ஸ் மட்டும் 2021-லும் புது டி.எஸ்.எல்.ஆர். வெளியிட்டது. அதனால் டி.எஸ்.எல்.ஆர். வாங்குகிறவர்கள் பலர் இப்போது பழசைத்தான் தேடுகிறார்கள். பழசு வாங்கும்போது ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேட்க வேண்டும். டி90-ன் ஷட்டரை ஒரு லட்சம் தடவை அடித்துச் சோதித்திருந்தார்கள். வண்டி வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்ப்போமே, அதுபோல.

கடையில் கிடைக்கிற எதுவுமே சரிப்படாவிட்டால்? திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த மா.கிருஷ்ணன் என்ற இயற்கையியலாளர் அப்படித்தான் நினைத்தார். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு பெரிய கேமராவை உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'! மெகாபிக்சலும் இல்லை, விநாடிக்குப் பத்துப் படமும் இல்லை. யானை என்ன செய்யும், எப்போது திரும்பும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் அண்ணன் என்ன வாங்கினார் என்று கேட்கிறீர்களா? சிறிய சென்சார் உள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர்., மிச்சக் காசுக்கு 600 வரை நீளும் லென்ஸ். ஸ்டூடியோ மாமா ஃபுல் ஃப்ரேமும் இரண்டு கார்டும். மாமா அண்ணனின் கேமராவைத் தூக்கிப் பார்த்து, "என்னப்பா, பீரங்கி மாதிரி இருக்கு!" என்பார். அண்ணன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கரைவெட்டிக்குப் போவார். கரையிலேயே உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து, அழுத்துவார். டபக்!

நூறு மீட்டர் தள்ளி, வாத்து தலையைத் தூக்காமல் மேய்ந்துகொண்டிருக்கும்.