காலேஜ் ட்ரெய்னிங்: எது ஆறு மாசம், எது ஆயுசுக்கும்?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல ஒண்ணு மனசுல நின்னுடுச்சு. சிவில் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிற ஒரு பொண்ணு அனுப்பினது. அவங்க வீட்ல முதல் பட்டதாரி. "அக்கா, லீவுல பிளேஸ்மென்ட் கோச்சிங்குக்குப் பணம் கட்டவா, இல்ல ஒரு சின்ன கம்பெனியில இன்டர்ன்ஷிப் போகவா? அப்பா எதுல வேலை கிடைக்கும்னு கேக்குறார். எனக்குப் பதில் தெரியல."

இந்த எபிசோட் அந்தக் கேள்விக்குத்தான்.

காலேஜ்ல "ட்ரெய்னிங்"னு ஒரே பேர்ல ஏகப்பட்ட விஷயம் நடக்குது. ஆப்டிட்யூட் கிளாஸ், குரூப் டிஸ்கஷன், இன்பிளான்ட் ட்ரெய்னிங், இன்டர்ன்ஷிப், சர்வே கேம்ப். எல்லாத்துக்கும் சர்டிஃபிகேட் உண்டு. ஆனா படிப்பு முடிச்சு பத்து வருஷம் ஆன சீனியர்கிட்ட கேட்டா, அவங்க ஞாபகம் வெச்சிருக்கிறது ஒண்ணோ ரெண்டோதான். ஏன் அப்படின்னு பார்க்க, நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச அண்ணா பல்கலைக்கழகத்தையே எடுத்துக்குவோம்.

எட்டு பையன்கள்

அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கினது 1978-ல. ஆனா அதுக்குள்ள இருக்கிற கிண்டி பொறியியல் கல்லூரியோட வேர் 1794-க்குப் போகுது. அப்போ அது கல்லூரியே கிடையாது, ஒரு சர்வே பள்ளி. நிலத்தை அளந்தாத்தான் வரி போட முடியும். அளக்கிறதுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிகிட்ட போதுமான ஆள் இல்ல. கம்பெனியோட வானியலாளர் மைக்கேல் டாப்பிங் சொன்ன யோசனைப்படி 8 பையன்களை வெச்சுப் பள்ளி ஆரம்பமாச்சு. அங்க கணக்கும் கருவிகளும் கத்துக்கிட்டு, நேரா சர்வே வேலைக்கு உதவியாளரா போகணும்.

அப்படிப் போனவங்கள்ல ஒருத்தர் ஜோஷ்வா டி பெனிங். 1802-ல பரங்கிமலை பக்கத்துல வில்லியம் லாம்டன் ஆரம்பிச்ச சர்வே, பின்னாடி இந்தியா முழுக்கப் போன பெரிய முக்கோண அளவைப் பணியா மாறுச்சு. டி பெனிங் அதுல பல வருஷம் லாம்டன்கூட வேலை பார்த்தார். இன்னைக்கு நாம அலும்னினு சொல்றோமே, அந்த வரிசையில ரொம்ப முன்னாடி நிக்கிற ஆள்.

அந்தப் பள்ளியோட மிச்சம் ஒண்ணு இன்னும் இருக்கு. சிவில் மாணவர்கள் போற சர்வே கேம்ப்.

போனவங்களுக்குத் தெரியும். வெயில்ல ஸ்டாண்டைத் தூக்கிக்கிட்டு, ஒருத்தர் ஸ்டாஃப் பிடிக்க, ஒருத்தர் ரீடிங் சொல்ல, ஒருத்தர் எழுத. அதுல டிராவர்ஸ்னு ஒரு வேலை வரும். ஒரு புள்ளியில ஆரம்பிச்சு, கோணமும் தூரமும் அளந்துகிட்டே சுத்தி வந்து, கிளம்பின அதே புள்ளியில முடிக்கணும். கணக்குப் போட்டா, முடிவும் ஆரம்பமும் ஒண்ணா வரணும். பொதுவா வராது. கொஞ்சம் விலகி நிக்கும். அதுக்குப் பேர் குளோசிங் எர்ரர். அளவுக்குள்ள இருந்தா அட்ஜஸ்ட் பண்ணலாம். மீறிப்போச்சுன்னா திரும்பவும் வெயில்ல போய் அளக்கணும்.

இங்க மார்க் போடுறது நிலம். "சார், ரெண்டு மார்க் சேர்த்துப் போடுங்க"ன்னு கேக்க முடியாது. எங்க தப்பு பண்ணினோம்னு டீம்ல நாலு பேரும் உட்கார்ந்து தேடணும். ஸ்டாஃபைச் சாய்ச்சுப் பிடிச்சது யாரு, ரீடிங்கை மாத்தி எழுதினது யாருன்னு சண்டை வரும். கேம்ப்ல கத்துக்கிறது அந்தச் சண்டையிலதான்.

மூணு நாள் கெடு

இதே பல்கலைக்கழகத்தோட இன்னொரு வளாகம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-ல சி.ராஜம் தொடங்கினது. அப்துல் கலாம் அங்க ஏரோநாட்டிகல் படிச்சார். அக்னிச் சிறகுகள்ல அவரே ஒரு சம்பவத்தைச் சொல்லியிருக்கார்.

தாழ்வாகப் பறக்கிற ஒரு தாக்குதல் விமானத்தை டிசைன் பண்றது அவங்க டீமோட பிராஜெக்ட். பேராசிரியர் சீனிவாசன் வந்து பார்த்தார், திருப்தி இல்ல. கலாம் ஒரு மாசம் டைம் கேட்டார். அவர் கொடுத்தது மூணே நாள். முடிக்கலைன்னா ஸ்காலர்ஷிப் நின்னுடும். அதை நம்பித்தான் கலாம் படிச்சுட்டு இருந்தார். சாப்பாடு தூக்கம் பார்க்காம உட்கார்ந்து முடிச்சார். நடுவுல பேராசிரியரே வந்து வேலையைப் பார்த்துட்டு, முதுகுல தட்டிக் கொடுத்து அணைச்சுக்கிட்டார்.

பணத்தைக் காட்டி மிரட்டுறது நல்ல முறையான்னு நாம விவாதிக்கலாம். எனக்கே அதுல சங்கடம் உண்டு. ஆனா சர்வே கேம்ப்லயும் இதுலயும் பொதுவா மூணு விஷயம் இருக்கிறதைக் கவனிங்க. நிஜமான ஒரு வேலை. முடிக்க ஒரு தேதி. "இது சரியில்ல, திரும்பப் பண்ணு"ன்னு சொல்ல ஒருத்தர், இல்லன்னா நிலம்.

அப்போ பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங் வேஸ்டா?

இல்லவே இல்ல. அது வேற வேலையைச் செய்யுது.

ஆயிரக்கணக்கான பேர் அப்ளை பண்ற இடத்துல கம்பெனி எல்லாரையும் உட்கார வெச்சுப் பேச முடியாது. அதனால முதல்ல ஆப்டிட்யூட் டெஸ்ட். அது ஒரு சல்லடை. கணக்கு தெரியுமாங்கிறதைவிட, அந்த நேரத்துக்குள்ள முடிக்கிறீங்களான்னு பார்க்குது. அந்த வேகம் பழகினா வரும்.

இன்டர்வியூல எப்படி உட்காரணும், தெரியாததைத் தெரியாதுன்னு எப்படிச் சொல்லணும், இதெல்லாம் சில பேருக்கு வீட்லயே கிடைச்சிருக்கும். மெசேஜ் அனுப்பின பொண்ணு மாதிரி முதல் பட்டதாரிகளுக்கு அதைக் கத்துக்கக் கிடைக்கிற ஒரே இடம் காலேஜ்தான். அதனால இதைக் கிண்டல் பண்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது.

ஆனா அது கதவு வரைக்கும்தான் கூட வரும். பெரிய ஐ.டி. கம்பெனிகள் புதுசா சேர்றவங்களுக்குத் தாங்களே சில மாசம் ட்ரெய்னிங் கொடுக்குது. அங்கயும் டெஸ்ட் உண்டு. அதுக்கப்புறம் பிராஜெக்ட்ல நீங்க எழுதினதை ஒருத்தர் திருப்பி அனுப்புவார். அந்த நிமிஷத்துல கோச்சிங் நோட்ஸ் உதவாது. முன்னாடியே ஒரு தடவையாவது திருப்பி அனுப்பப்பட்டவங்க சமாளிப்பாங்க.

என் கதையையும் சொல்லிடுறேன். நான் இன்பிளான்ட் ட்ரெய்னிங் போன ஃபேக்டரியில மூணு நாள் சுத்திக் காட்டினாங்க, டீ கொடுத்தாங்க, சர்டிஃபிகேட்ல "15 நாள்"னு போட்டுக் கொடுத்தாங்க. சந்தோஷமா வாங்கிக்கிட்டேன். முதல் இன்டர்வியூல "அந்த 15 நாள்ல நீ என்ன பண்ணின?"னு கேட்டாங்க. பேச்சே வரல.

சரி, என்ன பண்ணலாம்?

அந்தத் தங்கைக்கு என் பதில் இது.

ஆப்டிட்யூடுக்கு லீவு முழுசும் வேண்டாம்மா. தினமும் ஒரு மணி நேரம், கடிகாரம் வெச்சுப் போடு. காசு கட்டுறதுக்கு முன்னாடி, நான் முதல்வன் திட்டத்துல உங்க காலேஜ்ல என்ன நடக்குதுன்னு விசாரி.

இன்டர்ன்ஷிப் போறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனிகிட்ட மூணு கேள்வி கேளு. எனக்கு என்ன வேலை கொடுப்பீங்க? எப்போ முடிக்கணும்? யார் சரிபார்ப்பாங்க? மூணாவதுக்குப் பதில் இல்லன்னா போகாத. பஸ் காசுதான் வீண். பதில் இருந்தா, கம்பெனி சின்னதுன்னு யோசிக்காத.

சீனியர்களைப் பார்த்தா ரெஃபரல் மட்டும் கேக்காத. நீ பண்ணின ஒரு டிராயிங்கையோ ரிப்போர்ட்டையோ காட்டி, எது தப்புன்னு கேளு. முடிச்ச உடனே வேலை அமையலைன்னா, மத்திய அரசோட நாட்ஸ் அப்ரென்டிஸ்ஷிப் இருக்கு. ஒரு வருஷம், உதவித்தொகையோட. சென்னையில தரமணியில அதுக்கு ஆபீஸ் இருக்கு.

அப்பாகிட்ட இப்படிச் சொல்லு: கோச்சிங் உள்ள போக, இன்டர்ன்ஷிப் உள்ள நிக்க. ரெண்டும் வேணும். ஆனா லீவு ஒண்ணுதான் இருக்கு, அதை ரெண்டாவதுக்குக் கொடுக்கிறேன்னு.

கேட்டுக்கிட்டு இருக்கிற சீனியர்களுக்கும் ஒண்ணு. யாராவது ஜூனியர் தன்னோட வேலையைக் காட்டினா "சூப்பர்"னு மட்டும் சொல்லி அனுப்பிடாதீங்க. அரை மணி நேரம் ஒதுக்கி, எங்க தப்புன்னு சொல்லுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.