செலக்‌ஷனுக்கு ஓடிய ஊர்

திருத்தணியில் விடியற்காலையில் ஒருவர் ஓடினால் முன்பெல்லாம் அதற்கு ஒரே காரணம்தான்: செலக்‌ஷன். போலீஸ் செலக்‌ஷன், மிலிட்டரி செலக்‌ஷன், இரண்டும் தப்பினால் தீயணைப்புத் துறை. தொண்ணூறுகளில் இங்கே வளர்ந்தவர்கள் அந்தப் பையன்களைப் பார்த்திருப்பார்கள். கிழிந்த பனியன், அரை டிராயர், சிலருக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ, பலருக்கு வெறுங்கால். பள்ளி மைதானத்தில் ஓடி ஓடிப் புல் தேய்ந்த வட்டம்தான் டிராக். ஸ்டாப்வாட்ச் ஒன்றே ஒன்று, அது பி.டி. வாத்தியார் கழுத்தில் தொங்கும்.

காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர். ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டர், ஐந்தரை நிமிடத்துக்குள் வந்தால் முழு மதிப்பெண். தேர்வு எப்படியோ பயிற்சியும் அப்படியே. எழுந்ததும் மூச்சு முட்ட ஓடு, வாந்தி வந்தால் நன்றாக ஓடினாய் என்று அர்த்தம், தண்ணீர் குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும். யாரும் எழுதி வைக்காத பாடத்திட்டம் இது. வேலை கிடைத்தவன் ஓட்டத்தை நிறுத்தினான். கிடைக்காதவன் வயது வரம்பு தாண்டியதும் நிறுத்தினான். முப்பத்தைந்து வயதில் ஒருவர் ஓடினால் டீக்கடையில் இருப்பவர் எழுந்து நின்று பார்ப்பார், பின்னால் யார் துரத்துகிறார்கள் என்று.

நெடுந்தூரம் இந்த ஊருக்குப் புதிதில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியும் பால்குடமும் சுமந்து வெறுங்காலில் நடந்து வரும் கூட்டத்திடம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் சிரிப்பார்கள். ஊரின் நெடுஞ்சாலை வழியாகத் திருப்பதிக்கு நடந்து போகிறவர்களும் அப்படித்தான். அறுபது, எழுபது வயதுப் பாட்டிகள் சர்வசாதாரணமாக நடக்கிற தூரத்தைத்தான் மாரத்தானுக்கு ஓடும் நாங்கள் இன்று கைக்கடிகாரத்தில் அளந்து பெருமைப்படுகிறோம். ஆனால் அந்தக் கால்களுக்கு வேண்டுதல் என்று ஒன்று இருந்தது. மைதானத்துப் பையன்களின் கால்களுக்கு வேலை. வேண்டுதலும் இல்லாமல் வேலைக்கும் இல்லாமல், நாற்பது தாண்டிய குடும்பஸ்தர்கள் சனி, ஞாயிறு அதிகாலையில் சும்மா ஓடுகிறார்கள் என்பதுதான் திருத்தணி இதற்கு முன் பார்க்காதது.

இந்தப் பழக்கம் சென்னை வழியாக வந்தது. 2004இல் மும்பை மாரத்தான் தொடங்கிய பிறகு நகரம் நகரமாக இந்த ஜுரம் பரவியது. 2008இல் ஆரோவில் மாரத்தான் வந்தது. பிறகு சென்னை மாரத்தான். மின்சார ரயிலில் தினமும் சென்னைக்குப் போய்வருகிறவர்கள் நிறைந்த ஊர் இது. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் பதக்கம் மாட்டிய படத்தைக் காட்ட, இங்கேயும் ஒருவர் இருவராகத் தொடங்கினார்கள். 2004இல் சாலை விபத்தில் காலில் பலத்த அடிபட்டும் பின்னாளில் நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்கள் ஓடிய மா. சுப்பிரமணியன் 2021இல் நல்வாழ்வுத் துறை அமைச்சரானதும், "அவரே ஓடுறார், நமக்கென்ன" என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்தார். 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு அறிவித்தபோது, நடப்பவரையும் ஓடுபவரையும் ஏற இறங்கப் பார்ப்பது இன்னும் கொஞ்சம் குறைந்தது.

பழைய பாடத்திட்டத்தில் வந்தவர்கள் மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கும்போது முதலில் தடுமாறுவது வேகத்தில் இல்லை, மெதுவாக ஓடுவதில். வாரத்தில் ஓடும் தூரத்தில் பெரும்பகுதி பக்கத்தில் வருகிறவரோடு மூச்சிரைக்காமல் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும் என்பது இன்றைய பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம். அதை வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்டி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து, கடைசியில் 30, 32 கிலோமீட்டர் வரை கொண்டுபோவது. ஜனவரிப் போட்டிக்கு ஆகஸ்டிலேயே தொடங்கிவிட வேண்டும்.

இந்தப் பயிற்சியின் வேர் நியூசிலாந்தில் இருக்கிறது. ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட் தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கிக் கண்டுபிடித்த முறை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பந்தயத்துக்காக ஸ்னெல் வாரத்துக்கு 160 கிலோமீட்டர் ஓடினார் என்பதை அன்று பலர் நம்பவில்லை. பிறகு லிடியார்ட் ஆக்லாந்தில் நடுத்தர வயதுக்காரர்களையும் இதய நோயாளிகளையும் சேர்த்து மெல்லோட்டம் பழக்கினார். அமெரிக்காவிலிருந்து போன பில் பவர்மேன் என்ற பயிற்சியாளரை, மாரடைப்பு வந்து பிழைத்த முதியவர் ஒருவர் ஓட்டத்தில் முந்திப் போனார். பவர்மேன் அந்தப் பழக்கத்தை ஊருக்கு எடுத்துப்போனார். நைக் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரும் அவர்தான். சும்மா ஓடுவது ஒரு வியாபாரமாகவும் ஆனது அங்கிருந்துதான்.

மைதானத்தில் செலக்‌ஷன் பையன்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் மெல்லோட்டத்தைப் பார்த்து, "அண்ணா, இதுக்குப் பேரு ஓட்டமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடும் வேகத்தை 42.195 கிலோமீட்டருக்கும் ஒருவர் காப்பாற்றினால் 3 மணி 17 நிமிடத்தில் மாரத்தான் முடிந்துவிடும். எங்கள் கூட்டத்தில் யாருக்கும் அது வாய்க்காது. அவர்களிடம் நான் சொல்வது சிவ்நாத் சிங்கின் கணக்கு. ராணுவ வீரரான அவர் 1978இல் ஜலந்தரில் மாரத்தானை 2 மணி 12 நிமிடத்தில் முடித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதை எந்த இந்தியரும் முறியடிக்கவில்லை. கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 8 நொடி. ராணுவ ஆள்சேர்ப்பில் முழு மதிப்பெண் வாங்க 1.6 கிலோமீட்டர் ஓடும் வேகமே கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 26 நொடிதான். அதைவிட வேகமாக 42 கிலோமீட்டர். பையன்கள் கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அமைதியாகப் போவார்கள்.

ஷூவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேன்வாஸ் போய் நுரை அடிப்பாகம் வந்தது, ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டரில் அது செத்துப்போகும், மறுபடி வாங்க வேண்டும். போட்டிக் கட்டணம் ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஓட்டத்துக்குச் செலவே இல்லை என்று சொல்கிறவர்கள் அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்ப்பேட்டையிலும் விசைத்தறி ஓட்டுகிறவர்களிடம் வந்து அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

வெயில்தான் இந்த ஊரின் உண்மையான பயிற்சியாளர். கோடையில் வானிலை மையத்தின் பட்டியலில் வேலூரோடு போட்டி போடும் ஊர் திருத்தணி. கத்திரி முடிந்தாலும் சூடு முடிவதில்லை. பகலெல்லாம் காய்ந்த பாறை ராத்திரியிலும் அனலை விடும். மெட்ராஸ்காரர்கள் கடற்காற்றில் ஓடுவதுபோல் இங்கே ஓட முடியாது. ஆகஸ்ட், செப்டம்பரில் நீள ஓட்டத்தை நாலு மணிக்குள் தொடங்காவிட்டால் வீட்டிலேயே இருப்பது மேல். ஏழு மணிக்கு வெயில் முதுகில் ஏறியதும் அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு எகிறும். அப்போது கடிகாரம் காட்டும் வேகத்தை மறந்துவிட்டு மூச்சைக் கேட்டு ஓட வேண்டும். இதை எந்த அட்டவணையும் சொல்லிக்கொடுப்பதில்லை, அவை பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை.

தண்ணீர் விஷயத்தில் ஊர் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விட்டது. குடிக்கவே கூடாது என்றிருந்தவர்கள் இப்போது கிலோமீட்டருக்கு ஒருமுறை குடிக்கிறார்கள். அதுவும் ஆபத்துதான். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. தேவைக்கு மேல் குடித்தது முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடி, உப்பைச் சேர் என்பது இப்போதைய வழி. உப்புப் போட்ட நீர்மோரை வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் முன்கூட்டியே வைத்துவிட்டுப் போகும் ஏற்பாட்டுக்கு நிகராக எந்த உப்புக்கரைசல் பாக்கெட்டும் இல்லை என்பது என் கட்சி.

வடக்கே பொன்பாடி சோதனைச்சாவடிப் பக்கம் ஓடினால் பெயர்ப்பலகைகள் தெலுங்குக்கு மாறும். ம.பொ.சி. போன்றோர் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. எல்லை மாறியதே தவிர பேச்சு மாறவில்லை. "ஏன் நைனா, இந்த வயசுல எந்துக்கு ஓடறே?" என்று இரண்டு மொழியிலும் ஒரே மூச்சில் கேட்கும் பெரியவர்கள் வழிநெடுக உண்டு. லாரிகளுக்குப் பயந்து நெடுஞ்சாலையை விட்டுக் கிராமச் சாலைகளுக்கு மாறினால் அங்கே நாய்கள். நாய்க்கு முன்னால் ஓடக்கூடாது, நின்று நடக்க வேண்டும். இது அன்றும் இன்றும் மாறாத ஒரே பயிற்சி விதி.

மெதுவாக மாறுவது பெண்கள் விஷயம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தது எல்லோருக்கும் தெரியும். பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் முதன்முதலாக நடந்ததே அந்த ஆண்டுதான் என்பது பலருக்குத் தெரியாது. இன்று எங்கள் ஊரில் சுடிதாரோடு ஷூ போட்டு ஓடும் ஆசிரியைகள், செவிலியர்கள் உண்டு. ஆனால் நாலு மணி இருட்டு இன்னும் ஆண்களுக்கு மட்டுமே. பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து, வெளிச்சம் வந்த பிறகு தொடங்குகிறார்கள். அதனால் அவர்களுடைய நீள ஓட்டம் வெயிலிலேயே முடிகிறது. அதே அட்டவணையில் அதே தூரத்துக்கு அவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். இதை எந்தப் பயிற்சிப் புத்தகமும் கணக்கில் எடுப்பதில்லை.

மார்கழி வந்தால் எல்லாருக்கும் கொண்டாட்டம். குளிர், பனி, ஒலிபெருக்கியில் பாட்டு, வாசல் தாண்டித் தெருவில் இறங்கிய கோலங்களை மிதிக்காமல் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்ற ஒரு சிரமம்தான். மலையேறும் வண்டிப்பாதையில் ஏற்றப் பயிற்சியும் அப்போது சுகமாக இருக்கும்.

சிக்கல் கடைசி வாரத்தில். சென்னை மாரத்தான் ஜனவரி முதல் வாரத்தில் வருகிறது. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், படி ஏறவே கூடாது என்பது விதி. திருத்தணியில் டிசம்பர் 31 படித் திருவிழா. புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைகளைப் பார்க்கப் போன கூட்டத்தை முருகனிடம் திருப்ப வள்ளிமலை சுவாமிகள் நூறாண்டுக்கு முன் தொடங்கியது. ஆண்டின் நாள்களுக்கு ஒன்றாக 365 படிகள். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுவார்கள். படிக்குப் படி குனிந்து நிமிர்வது தொடைக்கு என்ன செய்யும் என்று ஓடுகிறவனுக்குத் தெரியும். "அஞ்சு மாசமா ஊரெல்லாம் ஓடினே, அப்பன் வீட்டுப் படி ஏற மட்டும் கால் வலிக்குதா?" என்று வீட்டில் அம்மா கேட்டால் அதற்கு எந்த அட்டவணையிலும் பதில் இல்லை. எங்கள் கூட்டத்தில் எல்லோரும் ஏறத்தான் செய்கிறார்கள். பிறகு போட்டிக்கு முந்தைய நாளே ரயிலேறிச் சென்னையில் தங்கி, அதிகாலையில் நேப்பியர் பாலத்தருகே தொடக்கக் கோட்டில் நின்றுகொண்டு கெண்டைக்காலைத் தடவிப் பார்க்கிறார்கள்.