குருட்டுக் குட்டி பிறந்தால் தாயாட்டைப் பழிக்காதீர்கள்

தை, மாசியில் ஈனும் செம்மறிக் குட்டிகளில் ஒன்றிரண்டு கண் தெரியாமல், மடியைத் தேடத் தெரியாமல் தள்ளாடுவதைச் சில பட்டிகளில் காணலாம். "ராசியில்லாத ஆடு" என்று தாயைச் சந்தைக்கு ஓட்டி விடுகிறார்கள். கிடாவின் மேல் பழி போடுவோரும் உண்டு. மழைக்காலத்தில் வந்துபோன நீலநாக்கு நோய் காரணமாக இருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

சேறும் சாணமும் கலந்த ஈர இடங்களில் பெருகும் கியூலிகாய்ட்ஸ் என்னும் மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் இந்நோய் பரவுகிறது. கடும் காய்ச்சல், உதட்டு வீக்கம், வாய்ப்புண், மூக்குச்சளி, நொண்டல் ஆகியவை அறிகுறிகள். நாக்கு நீலமாவது எல்லா ஆட்டிலும் இராது. சில சினையாடுகள் இரண்டு நாள் சோர்ந்திருந்து தேறிவிடும். அதற்குள் வைரஸ் நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடைந்திருக்கக்கூடும்.

எல்லா வகை வைரசும் இப்படிக் கடப்பதில்லை. 2006-ல் வட ஐரோப்பாவில் புகுந்த 8-ம் வகை கடந்தது. நம் நாட்டிலுள்ள 1-ம் வகையும் கடக்கும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

செம்மறியின் சினைக்காலம் சுமார் 150 நாள். கருவின் 50-ம் நாள் வாக்கில் வைரஸ் புகுந்தால் மூளை அழிந்து அந்த இடத்தில் நீர் நிற்கும். 75-ம் நாள் வாக்கில் என்றால் மூளையில் குழிகள் விழும். 100 நாளுக்குமேல் சேதம் குறைவு. ஆகவே ஐப்பசிக் கடைசியில் பூச்சி கடித்ததன் பலன் மாசியில்தான் தெரியவரும்.

ஐயமிருந்தால், குட்டி சீம்பால் குடிக்குமுன் கால்நடை மருத்துவரைக் கொண்டு இரத்தம் எடுக்கச் செய்யுங்கள். தாயின் எதிர்ப்புப் பொருள் ஆட்டுக்குட்டிக்குச் சீம்பாலில்தான் போகிறது, நச்சுக்கொடி வழியாக அல்ல. பால் குடியாத குட்டியின் இரத்தத்தில் இந்நோய்க்கான எதிர்ப்புப் பொருள் இருந்தால், கருவிலேயே நோய் தாக்கியிருக்கிறது என்று கொள்ளலாம். மருத்துவர் வர நேரமாகும் என்றால் சோதனையை விட்டுவிடுங்கள். குட்டிக்குச் சீம்பால்தான் முக்கியம்.

5 வகை வைரசுக்கு எதிரான, கொல்லப்பட்ட வைரசால் ஆன தடுப்பூசி நம் நாட்டில் உண்டு. மழைக்கு முன், ஆவணியிலேயே, கூடுமானால் கிடா சேர்க்குமுன் போட்டுவிட வேண்டும். உயிருள்ள வைரஸ் ஊசி சினையாட்டுக்கு ஆகாது. 1950-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அப்படிப் போட்டு ஊனக் குட்டிகள் பிறந்தன.

மழைக்காலத்தில் கிடையை மேட்டு நிலத்துக்கு மாற்றுங்கள். பொழுது சாய்ந்தபின் குளக்கரையில் மேய்க்கக் கூடாது. இரவில் வேப்பிலைப் புகை போடுவது நல்லது.

நோய் கண்டு தேறிய தாயாடு அந்த வகை வைரசுக்கு நெடுநாள் எதிர்ப்புப் பெற்றிருக்கும். அடுத்த ஈற்றில் நல்ல குட்டி போட வாய்ப்புண்டு. அதை விற்க அவசரப்பட வேண்டாம்.